கொக்கி வைத்த வீடுகள்

ஐரோப்பாவுக்குக் குரூப் டூர் போகிறவர்களுக்கு ஆம்ஸ்டர்டாம் என்பது ஒரே ஒரு சாயங்காலம். பாரிஸுக்கு இரண்டு நாள், சுவிட்சர்லாந்துக்கு மூன்று நாள் என்று பங்கு பிரித்த பட்டியலில் ஆம்ஸ்டர்டாமுக்குக் கிடைப்பது பகலில் டுலிப் தோட்டம், மாலையில் கால்வாய்ப் படகு, இரவு ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் ஓர் ஓட்டல். மறுநாள் காலை ஆறரை மணிக்குப் பெட்டிகள் அறை வாசலில் இருக்க வேண்டும். கோச் ஓட்டுநர் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது, நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் நிறுத்தியே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் குரூப் டூரில் உண்மையான எஜமான் அந்த ஓட்டுநரின் கடிகாரம்தான்.

இப்படி ஓடி ஓடிப் பார்ப்பதெல்லாம் ஒரு பார்வையா என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. எழுபத்தொரு வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு, முழங்கால் வலித் தைலத்தோடும் ஊறுகாய் பாட்டிலோடும், மொழி தெரியாத நாட்டில் ரயில் மாறி ரயில் ஏறிப் போனவர்கள் அவர்களில் யாரும் இல்லை. எனக்குக் குரூப் டூர் மீது எந்தக் குறையும் இல்லை. நேரத்துக்குச் சோறு போடுகிறார்கள், பெட்டி தொலையாமல் பார்த்துக்கொள்கிறார்கள், யாராவது ஒருவர் வரவில்லை என்றால் நாற்பது பேரும் காத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் கூட இப்போது அது நடப்பதில்லை.

நாங்கள் நான்கு பேர். அம்மா, மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், நான். மூன்று பேர் சேலத்தில் இருக்கிறோம். அம்மா மட்டும் ஏற்காட்டு மலையில், கரடியூரில். அங்கே நாலு ஏக்கர் காப்பித் தோட்டம். சில்வர் ஓக் நிழல், அதில் ஏறிய மிளகுக் கொடி, ஒரு கையால் சுற்றும் பல்பர், சிமெண்டு பூசிய ஒரு களம். அப்பா எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து எண்பதுகளில் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்த நிலம் அது. அம்மா கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அதே எஸ்டேட்டில் பழம் பறித்தவள். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது.

2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா விலை ஒரு பவுண்டு நாலு டாலரைத் தாண்டியது. பிரேசிலில் மழை இல்லை என்றால் ஏற்காட்டில் முகம் மலரும். காப்பிக்காரர்களின் வாழ்க்கை அப்படி. அந்த வருடம் பார்ச்மென்ட் விற்ற பணத்தை வைத்துக்கொண்டு அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். “என் டிக்கெட்டு என் துட்டு. இல்லாட்டி நான் வரலை.” இன்னொரு நிபந்தனை, சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குள் திரும்பிவிட வேண்டும். மே முதல் வாரம் கிளம்புவது என்று முடிவானது.

நான் சொல்லாமல் வைத்திருந்த காரணம் ஒன்றும் இந்தப் பயணத்துக்கு இருந்தது. தோட்டத்துக்கு நல்ல விலை வந்திருந்தது. காட்டேஜ் கட்ட இடம் தேடிய ஒருவர், பள்ளத்தாக்கு தெரிகிற சரிவு என்பதால் நாங்கள் நினைத்ததைவிட அதிகமாகவே சொல்லியிருந்தார். பறிக்க ஆள் கிடைப்பதில்லை. இளம் வயதுக்காரர்கள் திருப்பூருக்கும் சேலத்துக்கும் இறங்கிவிட்டார்கள். தண்டுத் துளைப்பான் ஒரு பக்கம், இரவில் வரும் காட்டெருமை ஒரு பக்கம். அம்மா தனியாக அந்த வீட்டில் இருப்பதை நினைத்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. விற்றுவிட்டு எங்களோடு சேலம் வந்துவிட வேண்டும் என்பது என் கட்சி. தங்கையும் என் கட்சிதான். திரும்பி வந்ததும் பதில் சொல்வதாக அம்மா சொல்லியிருந்தாள்.

*

விசாவுக்குப் பத்து விரல் ரேகையும் வேண்டும். சென்னையில் அந்தக் கண்ணாடி மேல் அம்மா விரலை வைத்தபோது முதல் முறை பதியவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள். பதியவில்லை. நாலாவது முறைதான் திரை பச்சையானது. பச்சைக் காப்பிப் பழத்தின் பிசினும் மிளகுக் கொடியும் களத்துச் சூடும் ஐம்பது வருடமாகத் தேய்த்த விரல்கள். “ரேகை எல்லாம் செடியில விட்டுட்டு வந்துட்டேன்” என்றாள் அந்தப் பெண்ணிடம். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை வைக்கச் சொன்னாள்.

ஆம்ஸ்டர்டாம் நகரின் மையப் பகுதிக்குள் 2024 முதல் சுற்றுலாக் கோச்சுகளை விடுவதில்லை. எல்லையில் இறங்கி நடக்க வேண்டும். நடக்கும்போதே டூர் மேனேஜர் எச்சரிக்கைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். “சைக்கிள் ரோட்டுல கால் வெக்காதீங்க, இடிச்சுட்டு நம்மளைத்தான் திட்டுவாங்க. இன்னொண்ணு, காஃபி ஷாப்னு போர்டு பார்த்துட்டு உள்ள போயிடாதீங்க. அங்க விக்கறது கஞ்சா. காப்பி வேணும்னா கஃபேன்னு போட்டிருக்கற கடைக்குப் போங்க.”

அம்மா நின்றுவிட்டாள். “கஞ்சாவுக்கு எதுக்குத் தம்பி காப்பி பேரு?”

“தெரியலைங்கம்மா. இந்த ஊருல அப்படித்தான்.”

“காப்பிக்காரங்க யாரும் சண்டைக்குப் போகலையா?”

அடுத்த நிறுத்தம் கழிப்பறை. படகில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், போய்விட்டு வந்துவிடுங்கள் என்றார் மேனேஜர். வாசலில் ஒரு யூரோ போட்டால்தான் கதவு திறக்கும். அம்மா என்னைப் பார்த்தாள். “கக்கூஸுக்குத் துட்டா?”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துட்டு என்பது டச்சு மொழியின் ‘டெய்ட்’ என்ற செப்புக் காசு. கக்கூஸ் என்பது டச்சு மொழியின் ‘காக்ஹெய்ஸ்’. இரண்டையும் தமிழ்ப் பேரகராதி டச்சு வழி வந்த சொல்லாகவே தருகிறது. டச்சுக்காரனின் தலைநகரத்தில் நின்று, முக்கால்வாசி டச்சு மொழியில் அம்மா டச்சுக்காரனை விலை கேட்டிருக்கிறாள். விஷயத்தைச் சொன்னேன். “அவன் பேச்சு நம்மகிட்ட எப்படி வந்துச்சு?” என்றாள். அதற்குப் பதில் படகில் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு ஒரு யூரோவைப் போட்டேன்.

*

படகு ரயில் நிலையத்துக்கு எதிரே, டாம்ராக்கிலிருந்து கிளம்பியது. கண்ணாடிக் கூரை போட்ட நீளப் படகு. மின்கலத்தில் ஓடுவதால் சத்தமே இல்லை. மணி ஏழே முக்கால். வெயில் மட்டும் நம் ஊர் நாலு மணி வெயில். மே மாதத்தில் அங்கே சூரியன் மறைய ஒன்பது மணிக்கு மேல் ஆகும். “இதைப் போய் ஈவினிங்குன்னு சொல்றாங்களே” என்று மனைவி கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு காதுக் கருவி. மொழிப் பட்டியலில் இந்தி இருந்தது, தமிழ் இல்லை. மகள் ஆங்கிலத்தில் கேட்க, நான் பாதி கேட்டு பாதி படித்ததை வைத்து அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஏற்காடு ஏரியில் படகு விடத் தொடங்கிப் பல காலம் ஆகிறது. அம்மா அதில் ஒருமுறைதான் ஏறியிருக்கிறாள், அதுவும் தங்கை கல்யாணம் முடிந்து சம்பந்தி வீட்டார் வந்தபோது. மலையில் இருப்பவர்களுக்கு ஏரி என்பது பஸ் ஏறும் இடத்துக்கு அடையாளம். படகு வெளியூர்க்காரர்களுக்கு. இங்கே வெளியூர்க்காரியாகிவிட்டதால் சன்னல் ஓரத்தைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தாள்.

ஆம்ஸ்டர்டாமின் பெரிய கால்வாய் வளையத்தை 1613இல் தோண்டத் தொடங்கினார்கள். ஹேரன்கிராக்ட், கெய்சர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாக மூன்று அரை வட்டங்கள். கனவான் கால்வாய், பேரரசர் கால்வாய், இளவரசர் கால்வாய். வரிசையே ஊரைச் சொல்லிவிடுகிறது. வியாபாரிகளின் ஊரில் பேரரசரின் கால்வாயைவிட ஊரை ஆண்ட கனவான்களின் கால்வாய்க்குத்தான் மதிப்பு அதிகம். 2010இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனால் இது அழகுக்காக வெட்டியதில்லை. சதுப்பு நிலத்தில் நீரை வடிக்கவும், சரக்கை வாசல் வரை கொண்டுவரவும் வெட்டியது. நிலம் அவ்வளவு இளக்கம் என்பதால் வீடுகள் எல்லாம் மரத் தூண்கள் மேல் நிற்கின்றன. கரிச் சேற்றைத் தாண்டி, பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் உள்ள மணல் அடுக்கு வரை பைன் மரங்களை அடித்து இறக்கி, அதன் மேல் வீடு. இன்றைக்கு அரண்மனையாக இருக்கிற பழைய நகர மண்டபத்துக்குக் கீழே மட்டும் 13,659 தூண்கள். அம்மாவுக்கு இது பிடித்தது. “காட்டை அடியில புதைச்சு, மேல ஊரைக் கட்டியிருக்காங்க.”

அப்போதுதான் அவள் கொக்கியைப் பார்த்தாள். ஒவ்வொரு வீட்டின் உச்சியிலும் ஓர் உத்திரம் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் நுனியில் ஓர் இரும்புக் கொக்கி. வீடுகளோ ஒல்லியாக, உயரமாக, கொஞ்சம் முன்பக்கம் குனிந்தபடி நிற்கின்றன.

“அது எதுக்கு?”

நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள். “மூட்டை ஏத்தறதுக்கா?”

மூட்டை ஏற்றத்தான். வீதி ஓர மனை அகலத்துக்குத் தகுந்த விலை, வரி. அதனால் வீட்டை ஒடுக்கமாகக் கட்டினார்கள். மாடிப்படி ஏணி போல இருக்கும், மூட்டையோடு ஏற முடியாது. படகில் வந்த சரக்கைக் கப்பியில் கட்டி வெளியே வழியாகவே மேல் மாடிக்கு இழுத்தார்கள். சுவரில் இடிக்காமல் இருக்கத்தான் வீட்டின் முகப்பு முன்னால் குனிந்திருக்கிறது. மேல் மாடிதான் கிடங்கு. கீழே ஈரம், மேலே காற்று. மிளகு, கிராம்பு, துணி, பிறகு காப்பி.

முன் இருக்கையில் இருந்த ஈரோட்டுக்காரர் திரும்பினார். மஞ்சள் வியாபாரம் செய்கிறவர். “இதென்னங்க, நம்மூரு மண்டியாட்டவே இருக்குது. கீழ கடை, மேல குடோனு. நாங்கூட என்னமோ அரமனைன்னு நெனச்சேன்.”

“அரமனைக்கு எதுக்குங்க கொக்கி” என்றாள் அம்மா.

அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும் படகில் வந்த மற்றவர்கள் பார்க்காத ஓர் ஊரைப் பார்க்கத் தொடங்கினார்கள். எந்த வீட்டுக் கதவு மூட்டைக்கு, எது ஆளுக்கு. எந்தக் கிடங்கில் எத்தனை மாடி. படகிலிருந்து ஒரு மூட்டை மேலே போக எத்தனை ஆள். மற்றவர்கள் செல்ஃபி எடுக்கையில், ஒரு மஞ்சள்காரரும் ஒரு காப்பிக்காரியும் சரக்கே இல்லாத ஊரில் சரக்கை எண்ணினார்கள்.

*

துறைமுகத்தின் பக்கம் படகு திரும்பியபோது கடல்சார் அருங்காட்சியகத்தின் முன் ஒரு பெரிய பாய்மரக் கப்பல் நின்றது. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘ஆம்ஸ்டர்டாம்’ என்ற கப்பலின் நகல். அசல் கப்பல் 1749இல் முதல் பயணத்திலேயே இங்கிலாந்துக் கரையில் சிக்கிப்போனது. இதன் கூட்டாளிகள்தான் நம் கரைக்கு வந்தார்கள் என்று அம்மாவுக்குச் சொன்னேன். துட்டு வந்த வழி இதுதான்.

இங்கே கால்வாய் தோண்டத் தொடங்கிய அதே 1613ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் ஜெல்ட்ரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் அதுதான் அவர்கள் தலைமையிடம். 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1690இல் தலைமையிடத்தையே அங்கே மாற்றினார்கள். 1781இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். ஏறக்குறைய நூற்றெழுபது வருடம். வாங்கியது முக்கியமாகத் துணி. தறியில் நெய்த துணியைக் கொண்டுபோய்க் கிழக்குத் தீவுகளில் கொடுத்து, கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கி, அதை இங்கே கொண்டுவந்து இந்தக் கொக்கிகளில் ஏற்றினார்கள். ராஜராஜனும் ராஜேந்திரனும் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்குக் கொடுத்த ஆனைமங்கலம் செப்பேடுகள் லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து ‘லெய்டன் செப்பேடுகள்’ என்று பெயர் மாறியதும் இந்த உறவில்தான்.

துணி மட்டும் இல்லை. ஆட்களையும் கொண்டுபோனார்கள். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில், 1620களிலிருந்து 1660கள் வரை, பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பல் ஏற்றப்பட்டார்கள். காதுக் கருவியில் இது வரவில்லை. கால்வாய் வீடுகளின் செல்வம் கிழக்கிலிருந்து வந்தது என்ற ஒரு வரி வந்தது. நாட்டின் பேரில் ஒரு மன்னிப்பு வராமல் இல்லை. 2023 ஜூலை 1 அன்று அரசர் வில்லெம்-அலெக்சாந்தர் இதே ஊரில் நின்று அடிமை வணிகத்துக்காக மன்னிப்புக் கேட்டார். சோழமண்டலக் கரையில் அதைக் கேட்டுக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று அப்போதே நினைத்தேன். அந்தப் பெயர்கள் நம்மிடம் இல்லை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் யோசித்துச் சுருக்கமாகச் சொன்னேன்.

“கூட்டிட்டுப் போனாங்களா, புடிச்சுட்டுப் போனாங்களா?”

“வாங்கிட்டுப் போனாங்க.”

“வித்தது யாரு?”

“நம்ம ஆளுங்கதான். தரகருங்க. பஞ்சத்துல பெத்தவங்களே வித்திருக்காங்க. தன்னைத் தானே வித்துக்கிட்டவங்களும் உண்டு.”

அம்மா வெகுநேரம் வெளியே பார்த்தாள். பாலத்தின் மேல் ஒரு சைக்கிள் கூட்டம் போனது. பிறகு, “பஞ்சத்துல வித்ததை வித்ததுன்னு சொல்லக் கூடாது” என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மாவுக்குத் தெரிந்த சந்தை அது. எஸ்டேட்டில் பழம் பறித்த காலத்தில் மாலை நிறுவையில், ஈரத்துக்கு இவ்வளவு, இலைக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டுதான் எழுதுவார்களாம். அவள் பார்க்கும்போதே தராசு முள் நிற்பதற்குள் கூடையை இறக்கிவிடுவார்களாம். வேண்டாம் என்றால் நாளைக்கு வேலை இல்லை. அதையும் சம்மதம் என்றுதான் பேரேட்டில் எழுதியிருப்பார்கள். அந்த ஏட்டை எழுதிய ரைட்டர்களில் ஒருவர்தான் என் அப்பா. இதை வைத்து அம்மா அவரைக் கடைசி வரை கிண்டல் செய்வாள். அவரும் கடைசி வரை பதில் சொல்லாமல் சிரிப்பார்.

*

காப்பியின் கதை இதைவிடக் கொஞ்சம் லேசானது. மொக்காவிலிருந்து ஏழு விதைகளைப் பாபா பூதன் மறைத்துக்கொண்டு வந்தார் என்ற கதை சிக்மகளூரில் குழந்தைக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது நம்மவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. 1690களில் மலபார் கரையிலிருந்து டச்சுக்காரர்கள் காப்பிக் கன்றுகளை ஜாவாவுக்கு அனுப்பினார்கள். முதலில் போனது வெள்ளத்தில் போயிற்று. 1699இல் போனது பிழைத்தது. அதிலிருந்து ஒரு செடி 1706இல் ஆம்ஸ்டர்டாம் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. கண்ணாடி வீட்டில் வைத்துக் காப்பாற்றினார்கள். 1714இல் ஆம்ஸ்டர்டாம் நகரம் பதினான்காம் லூயி மன்னருக்கு ஒரு செடியைப் பரிசாகக் கொடுத்தது. அந்த வழியில் காப்பி கரீபியத் தீவான மார்ட்டினிக்குக்குப் போனது. பின்னால் தென் அமெரிக்காவில் காடு காடாகப் பரவிய காப்பியில் பெரும்பகுதிக்கு இந்த ஊரின் கண்ணாடி வீட்டுச் செடிதான் பாட்டி. பிரேசிலில் மழை இல்லை என்று கரடியூரில் நாங்கள் சந்தோஷப்படுவது, ஊரை விட்டுப் போன பங்காளியின் வயல் காய்ந்ததற்குச் சந்தோஷப்படுவது போலத்தான்.

ஏற்காட்டுக்குக் காப்பி வந்தது அதற்கு நூறு வருடம் கழித்து. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தார்.

“அப்ப இவங்க குடிக்கிறது நம்ம பக்கத்துச் செடியா?” என்றாள் அம்மா.

“மலபார் பக்கத்துச் செடி.”

“கிட்டதான்.”

ஜாவாவில் அந்தச் செடி லேசான கதையாக இருக்கவில்லை. 1830 முதல் ஜாவா விவசாயிகள் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் அரசு சொன்ன பயிரைப் போட்டு, அரசு சொன்ன விலைக்கு அரசிடமே கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நடப்பில் ஐந்தில் ஒன்றோடு நிற்கவில்லை. அங்கே அதிகாரியாக வேலை பார்த்துவிட்டு மனம் வெறுத்து வந்த எடுவர்ட் டவ்வெஸ் டெக்கர், ‘முல்டாட்டுலி’ என்ற புனைபெயரில் 1860இல் ‘மாக்ஸ் ஹவலார்’ என்ற நாவலை எழுதினார். அதில் கதை சொல்ல வருகிறவர் ஓர் ஆம்ஸ்டர்டாம் காப்பித் தரகர். அவர் வீடு லவ்ரியர்கிராக்ட் 37 என்று நாவலில் முகவரியே இருக்கிறது. ஜாவாவில் எருமையைப் பறிகொடுக்கும் குடியானவனின் கதை, அவனைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாத ஒரு தரகரின் வீட்டில் நமக்கு வந்து சேர்கிறது. 1988இல் விவசாயிக்கு நியாய விலை என்று முத்திரை போட்ட முதல் காப்பிப் பொட்டலம் நெதர்லாந்தில் வந்தபோது, அந்த முத்திரைக்கு வைத்த பெயரும் மாக்ஸ் ஹவலார். சிங்கல் கால்வாயின் அகலமான பாலத்தில் முல்டாட்டுலிக்கு ஒரு சிலை இருக்கிறது. படகு அந்தப் பாலத்துக்கு அடியில் போனதால் சிலையைப் பார்க்க முடியவில்லை. பாலத்தின் இருட்டில் மகள் என் கையைப் பிடித்தாள், சின்னக் குழந்தையாக இருந்தபோது பிடித்தது போல.

எங்களுக்கும் ஒரு காலத்தில் அரசாங்கத்திடம்தான் காப்பி கொடுக்க வேண்டும். 1942 சட்டப்படி விளைந்ததை எல்லாம் காப்பி வாரியத்தின் பூலில் சேர்க்க வேண்டும். வாரியம் ஏலம் விட்டுத் தவணை தவணையாகப் பணம் தரும். அப்பா அதைத் திட்டுவார். ஆனால் 1989 ஜூலையில் உலக நாடுகளின் காப்பி ஒப்பந்தத்தில் இருந்த பங்கீட்டு முறை குலைந்து உலக விலை தரையில் விழுந்தபோது, அடுத்த தவணை எப்படியும் வரும் என்ற அந்த ஒன்றுதான் எங்கள் வீட்டில் சோறாக இருந்தது. அந்த இரண்டு மூன்று வருடத்தில் அக்கம்பக்கத்தில் பலர் விற்றார்கள். அப்பாவும் விற்கப் பார்த்தார். அம்மா விடவில்லை. நான் அப்போது மான்ட்ஃபோர்ட் பள்ளியின் மதிலை வெளியிலிருந்து பார்த்தபடி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த பையன்.

*

பிரின்சன்கிராக்ட்டில் ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீட்டைக் கடந்தபோது படகே அமைதியானது. அதற்குப் பிறகு வெயில் சாய்ந்து, செங்கல் சுவர்கள் பழுத்த காப்பிப் பழத்தின் நிறத்துக்கு வந்தன. கால்வாய் ஓரத்தில் ஒரு வீட்டு மாடிக்கு, கொக்கியில் கயிறு கட்டி, ஒரு சோபாவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே இரண்டு பேர் இழுக்க, சன்னலில் ஒருவர் கையை நீட்டிக் காத்திருந்தார். படகில் எல்லோரும் கை தட்டினார்கள்.

“இன்னும் வேலை செய்யுதே!” என்றாள் அம்மா. அன்று முழுதும் அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. “நான் சும்மா வேடிக்கைக்கு வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன்.”

ஈரோட்டுக்காரர் அப்போது, எங்கள் நிலம் விலைக்கு வந்திருப்பதை நான் மதியமே சொல்லியிருந்ததால், நல்லெண்ணத்தோடு பேச்சை எடுத்தார். “அம்மா, வெலை ஏறி நிக்கறப்பத் தள்ளிவுட்டரோணுமுங்க. மஞ்சள்ல நாங்க அப்படித்தான்.”

“மஞ்சளை வித்தா அடுத்த வருசம் மஞ்சள் வருங்க. நிலத்தை வித்தா என்ன வரும்?”

“பணம் வருங்க.”

“அது எனக்கு வேலை குடுக்காதுங்களே.”

படகு டாம்ராக்கில் நின்றது. கோச்சுக்கு நடக்க இருபது நிமிடம் இருந்தது. வழியில் ஒரு கஃபேயில் அம்மாவுக்குக் காப்பி வாங்கினேன். நாலு யூரோ. கிட்டத்தட்ட முந்நூற்று எண்பது ரூபாய். அவள் குடிக்காமல் கணக்குப் போட்டாள். ஒரு கிலோ கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம். இந்தக் கோப்பைக்கு எவ்வளவு தூள் என்று கேட்டாள். பதினைந்து கிராம் இருக்கலாம் என்றேன். கையைக் குவித்துக் காட்டினாள். ஒரு கைப்பிடிப் பழம், கொஞ்சம் கூட. பறிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. குடித்துப் பார்த்துவிட்டு, “கருகிப்போச்சு. ஆனா கப்பு நல்லா இருக்குது” என்றாள்.

*

ஊருக்குத் திரும்பிய மறுவாரம், திருவிழா முடிந்த பிறகு, காட்டேஜ்காரர் வந்தார். வரைபடத்தை விரித்துக் காட்டினார். செடிகளை வெட்ட மாட்டோம், விருந்தாளிகள் காப்பித் தோட்டத்துக்கு நடுவில் தங்குவது போல இருக்கும், பல்பரைக்கூட வரவேற்பறையில் அலங்காரத்துக்கு வைப்போம் என்றார். அம்மா பொறுமையாகக் கேட்டாள். ரோட்டை ஒட்டிய ஒரு ஏக்கரைத் தருவதாகவும், பல்பரும் களமும் இருக்கிற மூன்று ஏக்கரைத் தர முடியாது என்றும் சொன்னாள். அவருக்கு ஒரு ஏக்கர் போதவில்லை. பிறகு ஒத்துக்கொண்டார். அந்தப் பணத்தில் வீட்டுக்கு ஒரு சுற்றுவேலியும், மாதச் சம்பளத்துக்கு ஒரு குடும்பமும், அம்மா முழங்காலுக்கு வைத்தியமும் ஆயின. எனக்கு இப்போதும் முழுச் சம்மதம் இல்லை. ராத்திரித் தூக்கம் முன்பைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான்.

காடு அழித்து விளைந்த காப்பியை வாங்குவதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் போட்டது. எந்த நிலத்தில் விளைந்தது என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு சொன்னால்தான் சரக்கு உள்ளே போகும். நடைமுறைக்கு வரும் தேதி ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போய்விட்டது. ஆனாலும் காப்பி வாரியம் விவசாயிகளைச் செயலியில் பதிவு செய்துகொள்ளச் சொன்னது. நாலு ஹெக்டேருக்குக் குறைவான தோட்டத்துக்கு ஒரே ஒரு புள்ளி போதும். அம்மாவைக் கேட்டது போல அம்மாவின் காப்பியையும் காகிதம் கேட்கிறார்கள். அதற்கு விரல் ரேகை, இதற்குப் புள்ளி. சென்ற அறுவடைக்கு முன்பு பக்கத்து வீட்டுப் பையன் கைப்பேசியோடு வந்து, தோட்டத்தின் நடுவில் நின்று திரையைத் தொட்டான். அம்மா வரப்பிலிருந்து கேட்டாள்.

“இந்தப் புள்ளி ஆம்ஸ்டர்டாம்ல தெரியுமா?”

“தெரியும் பாட்டி.”

“அப்ப சேத்துல நிக்காத. இந்தப் பக்கம் வா, பழம் நல்லா புடிச்சிருக்கற எடத்துல நின்னு எடு.”